புட்டியை நிறுத்து

கம்பவுண்டர் வேலை என்பது டாக்டர் ஒரு வரியில் எழுதியதை ஒரு மாதம் கட்டி அழுவது.

எழுதுகிறவர் டாக்டர். கலக்குகிறவன் நான். குடிக்கிறவர்கள் ஜனங்கள். திட்டு மட்டும் எனக்கு. பெரம்பலூரில் அந்தச் சின்ன வைத்தியசாலையில் நான் இருந்த வருஷமெல்லாம் இப்படித்தான். மிக்சர் கலக்குவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பாட்டிலை நீங்கள் கொண்டுவருவீர்கள். நான் கழுவி ஊற்றி, காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து வேளைக்கு இவ்வளவு என்று ஒட்டிக் கொடுப்பேன். முடிந்தது.

கஷ்டம் டாக்டர் மருந்தே எழுதாத நாளில். ஒரு வயது தாண்டிய குழந்தை கையில் பால்புட்டியைப் பார்த்துவிட்டால் சீட்டில் 'புட்டியை நிறுத்து' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவார். "மத்ததக் கம்பவுண்டர் சொல்வார்" என்பார். சாப்பிடப் போய்விடுவார். எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

யுத்த காலம் அது. அன்றைய புட்டியை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். படகு மாதிரி வளைந்த கண்ணாடி. ஒரு முனையில் ரப்பர் காம்பு, மறுமுனையில் ரப்பர் மூடி. எல்லார் வீட்டிலும் கிடையாது. தாய்க்குப் பால் இல்லாத வீடு, சர்க்கார் உத்தியோகஸ்தர் வீடு, கப்பலில் போய் வந்தவர் வீடு, அவ்வளவுதான். ஆனால் அத்தனை வீடும் என் ஜன்னலுக்குத்தான் வந்தது. குழந்தைக்கு டம்ளர் பழக்கப் போய் முகத்தில் பால் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், துடைத்துக்கொண்டு படிக்கவும். நானும் உங்கள் கட்சி.

நான் கொடுத்த வாக்கு

என் மகள் மரகதத்துக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது அவள் தாய் செல்லம்மாளுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்தாள். பால் வற்றிவிட்டது. டாக்டர் புட்டி போடச் சொன்னார்.

சேதி தெரிந்து அக்கா தா.பழூரிலிருந்து வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நெல் வயல், நாலு கறவை, பெரிய வீடு. பிள்ளை இல்லை. "எங்க தெருவுல பால் குடுக்குற பொம்பளைங்க மூணு பேரு இருக்காங்க. புள்ளைய எங்கிட்டக் குடு" என்றாள். செல்லம்மாள் படுத்தபடி என்னைப் பார்த்தாள். பேசத் தெம்பு இல்லை. நான் முடியாது என்றேன். அக்கா விடவில்லை. இரண்டு நாள் அதே பேச்சு. எனக்குப் பொறுமை கிடையாது. "புட்டியிலேயே வளர்ப்பேன். புட்டி நிக்கிற அன்னிக்கு அவ டம்ளர்ல குடிக்கலேன்னா நீயே தூக்கிட்டுப் போ" என்று சொல்லித் தொலைத்தேன்.

பேச்சை முடிக்கச் சொன்னது அது. அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தா.பழூர் போகிற குழந்தை நாலு மாதத்தில் திரும்பி வரும் என்று நினைக்க நான் முட்டாளும் இல்லை. அக்கா கிளம்பும்போது வாசற்படியில் நின்று சொன்னாள்:

"தம்பி, நீ சொன்னதுக்குச் சாமியெல்லாம் சாட்சி வேணாம்டா. படுத்திருக்காளே, அவளே சாட்சி."

ஆறில் இரண்டு

மரகதத்துக்கு ஒன்றே கால் வயது ஆகும்போது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். ரப்பர் நின்றது. திருச்சி மருந்துக் கடையிலிருந்து மாதம் ஒரு பெட்டி வரும் காம்பு, கடைசியாக ஒரு பெட்டி வந்தது. திறந்தால் ஆறு. இனிமேல் கேட்காதே என்று கடைக்காரன் ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தான்.

ஆறில் இரண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தப்புதான். அதில் ஒன்றை எலி கொண்டுபோய்விட்டது. தப்புக்குப் பாதித் தண்டனை கையோடு கிடைத்தது.

வீட்டில் டம்ளர் பழக்க ஆரம்பித்தோம். மரகதம் சோறு இரண்டு வாய் வாங்குவாள், மற்றதெல்லாம் பால். டம்ளரைக் கண்டால் பிடுங்குவாள். பிடுங்கி முகத்தில் கொட்டிக்கொள்வாள். செல்லம்மாள் மடியில் போட்டுக்கொண்டு, டம்ளரைத் தூக்கி நூலாக வாயில் விடுவாள். மூக்கில் ஏறும். புரை ஏறும். இருமல், அழுகை, பிறகு புட்டி. தினம் இரண்டு வேளை இதுதான். பிடிவாதக்காரி என்று முடிவு கட்டினேன். என்னைக் கொண்டிருக்கிறாள் என்று செல்லம்மாள் முடிவு கட்டினாள்.

காம்பு தீர்ந்துபோவதை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ரப்பர்தானேய்யா இல்ல? டம்ளரையுமா யுத்தத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்?"

விளிம்பு மட்டும்

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் சம்சாரம் ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீட்டில் இரண்டு கோடு. "டம்ளர்ல கொஞ்சமா ஊத்திக் குடுங்கம்மா" என்று அனுப்பினேன். மறுநாளே வந்தாள். பையன் தலைமயிர் பாலில் ஊறிக் காய்ந்து கஞ்சி போட்ட வேட்டி மாதிரி நின்றது. எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டேன். நிறையத்தான் என்றாள். அடியில் இரண்டு வாய்க்கு ஊற்று, போதும் என்றேன். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி கேட்டு வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கே விளிம்பு மட்டும் தளும்ப ஊத்திக் குடுக்குறவ நான். பெத்த புள்ளைக்கு அடியில ரெண்டு வாய் குடுத்தா அவன் என்னைய என்னன்னு நெனைப்பான்?"

இதற்குச் சமாதானம் சொல்லி ஜெயிக்க முடியாது. மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் விளிம்பு மட்டும் ஊற்றினாலே இரண்டு வாய்தான். மரியாதைக்கும் குறைவில்லை, தலைக்கும் சேதமில்லை. ஒரு வாரத்தில் பையன் குடிக்கப் பழகிவிட்டான். கெட்டிக்காரத்தனம் என்று நானே மெச்சிக்கொண்டு இன்னொரு அவுன்ஸ் கிளாஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். செல்லம்மாள் அதையும் ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றினாள். சரியாக ஒரு அவுன்ஸ் மூக்கில் இறங்கியது.

பத்து நாள் கழித்து குமாஸ்தாவிடம் கிளாஸைத் திருப்பிக் கேட்டேன். தயங்கி நின்றார்.

"எடுத்தா அழுவுது சார். பையன் இல்ல, அவன் அம்மா."

கன்றுக்குச் செய்த வைத்தியம்

வாலிகண்டபுரத்துக் குடியானவர் ஒருவர். அவர் வீட்டில் இரட்டைப் பிள்ளை. தாய்ப்பால் ஒன்றுக்குத்தான் போதும் என்று மற்றதுக்கு டாக்டரே முன்பு புட்டி எழுதியிருந்தார். இப்போது நிறுத்து என்று எழுதிவிட்டார். குடியானவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. "கன்னுக்குட்டிய மறக்கடிக்கத் தெரிஞ்சவனுக்கு இது ஒரு வேலையா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்றுக்கு மூக்கில் முள் பட்டை கட்டுவார்கள். மடியில் முட்டினால் பசுவுக்குக் குத்தும், உதைக்கும். பிள்ளைக்கு முள் கட்ட வீட்டில் விடவில்லை. ஆகவே காம்பில் வேப்பெண்ணெய் தடவினார். முதல் நாள் பிள்ளை முகத்தைச் சுளித்தான். இரண்டாம் நாள் சுளிக்கவில்லை. நாலாம் நாள் வேப்பெண்ணெய் தடவாத புட்டியைத் தூக்கி எறிந்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் குளிர் ஜுரம். மலேரியாவுக்கான கொயினா மிக்சர் கொடுத்தேன், கடுங்கசப்பு. அதைக் கண்டால் மீசை வைத்த ஆளே ஓடுவான். இவன் அவுன்ஸ் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்து, இன்னும் கேட்டான். குடியானவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"பாலுலயும் இதுலயே ரெண்டு சொட்டு வுட்டுக் குடுத்துடுங்க கம்பவுண்டரய்யா, கன்னு டம்ளருக்கு வந்துடும்."

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் காதுவலி என்று குழந்தையோடும் சம்சாரத்தோடும் வந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் பன்னிரண்டு வருஷம் கடை வைத்திருந்தவர். கடைசிக் கப்பல்களில் ஒன்றில் குடும்பத்தோடு தப்பி வந்தவர். எனக்கு அவர் காதும் முக்கியமில்லை, குழந்தை காதும் முக்கியமில்லை. நேராகக் கேட்டேன்: "பாய், புட்டிக்கு ரப்பர் காம்பு ஏதாவது கையில கொண்டாந்தீங்களா?"

அவர் யோசித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். காலையில் கதவைத் திறந்தால் ரப்பர் மரம், சாயங்காலம் கதவை அடைத்தால் ரப்பர் மரம். பால் வடிகிற மரம் மட்டும் பத்தாயிரம் பார்த்திருப்பாராம். கப்பல் ஏறும்போது பீங்கான் கோப்பை ஆறு, குரான், தையல் மிஷின் தலை, இவ்வளவுதான் தூக்க முடிந்ததாம். "காம்பு தோணலியே தம்பி. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்ல" என்றார். குழந்தைக்குப் பதினோரு மாதம். பேச்சு நடக்கிறபோதே அவர் சம்சாரம் பையிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையை எடுத்துப் பால் ஊற்றி நீட்டினாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாயை வைத்து, மாடு தொட்டியில் குடிப்பது போல் சத்தமில்லாமல் குடித்து முடித்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

எனக்கு வயிறெரிந்தது. எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். பாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை.

"பழக்குறதா? நாங்க வாய் வச்சுக் குடிக்கிறோம், அதுவும் வாய் வச்சுக் குடிக்குது. இதுக்கெல்லாமா தம்பி டாக்டரு சீட்டு?"

சரி என்று காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. சொட்டு மருந்தில் கொஞ்சம் எனக்கும் விட்டிருக்கலாம்.

வாத்தியார் பாடம்

ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். கிறிஸ்தவர். கண்டிப்பானவர். இரண்டு வயது மகள். புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. மகளை எதிரே உட்காரவைத்து, இதோ பார், இன்றோடு இது இல்லை என்று சொல்லி, காம்பைக் கத்தரியால் இரண்டாக வெட்டிவிட்டார். குழந்தை வெட்டின துண்டில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பாலும் இல்லை, சோறும் இல்லை. நாலாம் நாள் வாத்தியார் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து என்னிடம் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "ஒரே ஒரு காம்பு சார். இருக்கா?"

இல்லை என்றேன். வீட்டில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வெறும் டம்ளரை விளையாடக் கொடுங்கள், இரண்டு நாள் பால் ஊற்றாதீர்கள், அவளாக நீட்டட்டும், நீட்டினால் இரண்டு வாய் ஊற்றுங்கள், பாடம் நடத்தாதீர்கள். சாதாரணமாக இவ்வளவு பேச மாட்டேன். பொய் சொன்னவன் கொஞ்சம் அதிகம் பேசித்தான் ஆகவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வாத்தியார் திரும்ப வந்தார். இந்தத் தடவை பஸ்ஸில். குழந்தை அலுமினிய டம்ளரைக் கையை விட்டு இறக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கும் கொண்டுபோயிருக்கிறாள். பூசையில் எல்லாரும் முழங்காலில் நின்று மூச்சு விடாமல் இருக்கிற நேரம் பார்த்து பெஞ்சில் மடார் மடார் என்று தட்டியிருக்கிறாள். வாத்தியார் எழுந்து அவளைத் தூக்கி வெளியே ஓடப் பார்த்தாராம். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று தலைகுனிந்து போனாராம். சாமியார் டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதானாம்:

"இத்தனை பேருல கேக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் வாத்தியாரே. தண்ணி குடுங்க."

பஞ்சர்

டாக்டர் உத்தரவுப்படி காம்பைத் தினம் கொதிக்க வைக்கவேண்டும். தினம் கொதிக்க வைத்தால் ரப்பர் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். கொதிக்க வைக்காவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். நான் கொதிக்க வைத்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்துவிட்டது. மரகதத்துக்கு ஒன்றே முக்கால் வயது. டம்ளர் வரவில்லை. அவுன்ஸ் கிளாஸும் வரவில்லை. பாலாடைச் சங்கில் ஊற்றினால் உதைத்தாள்.

நூல் சுற்றிப் பார்த்தேன். ஒழுகியது. சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய மனுஷர், என்ன ஏது என்று கேட்கவில்லை. அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பழைய ட்யூபில் வெந்தயம் அளவு ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தார். வீட்டில் மரகதம் ஒரு இழுப்பு இழுத்ததும் ஒட்டு பெயர்ந்து பால் ஒழுகியது. புட்டியோடு வீசினாள். கண்ணாடி சுவரில் பட்டுத் தூளாயிற்று. மறுநாள் கடைக்காரர் சேதி கேட்டு என்னை ரோட்டில் மறித்தார்.

"ஒட்டு நல்ல ஒட்டு சார். தண்ணியில முக்கிக் காத்து அடிச்சே பாத்தேன், ஒரு குமிழி வரல. பாலு நிக்குமான்னு நீங்க கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல."

கார்டு

புட்டி போய்விட்டது. வாக்கு இருக்கிறது. மரகதம் இரண்டு நாளாகக் கரண்டியில் ஊட்டின பாலில் பாதி துப்பி மீதியில் இருந்தாள். கன்னம் வற்றி, உதடு காய்ந்து, அழக்கூடச் சத்தம் வரவில்லை. தா.பழூர் போனால் பால் கொடுக்க ஆள் இருக்கிறது. நான் ஒரு கார்டு எடுத்து 'புட்டி உடைந்தது' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது. செல்லம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். திரும்பாமலே சொன்னாள்:

"என்னைத்தானே சாட்சின்னு சொன்னாங்க? அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க. எனக்கு ஒண்ணும் காதுல வுழுவல."

கார்டைத் தபாலில் போட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போடும்போது தட்டு மட்டும் பேசும்.

அக்கா வந்தது

பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓடுகிற பஸ். கார்டு கிடைத்ததும் தா.பழூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று மாறி மாறி, அக்கா பெரம்பலூரில் இறங்கும்போது மத்தியானம். முகமெல்லாம் புகைக்கரி. கையில் ஒரு தகரப் பெட்டி. வீட்டுக்குள் வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்தாள். மூன்று பாவாடை, சட்டை. எல்லாம் புதுசு. எல்லாம் நாலு வயதுக்குத் தைத்தது. செல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா வழியில் எங்கேயும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். ஆசாரம் அப்படி. செம்பை எடுத்து, அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டாள். வெயிலில் அவளைக் கூட்டிவந்த நானும் இன்னொரு செம்பை எடுத்து அதேபோல் ஊற்றிக்கொண்டேன். கீழே பார்க்கிறேன். மரகதம் எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறாள். கையில் காலி டம்ளர். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்து, டம்ளரை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். அக்கா சிரித்தாள். "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்குடா!"

அப்போதுதான் லப்பைக்குடிக்காட்டு பாய் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அஞ்சு மாதம் தாமதமாக. எங்கள் வீட்டில் யாரும் எதிலும் வாய் வைத்துக் குடித்ததில்லை. என் அப்பா குடித்ததில்லை, அவர் அப்பா குடித்ததில்லை. எச்சில். குழந்தை பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் தூக்கிக் குடிப்பதுதான். அதைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள். பிடிவாதமே இல்லை. வீட்டிலேயே ஒழுங்காக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

டம்ளரில் பால் ஊற்றினேன். மரகதத்தின் எதிரில் உட்கார்ந்தேன். விளிம்பில் வாயை வைத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்யாத காரியம். உதட்டில் பித்தளை பட்டதும் உடம்பு கூசியது. எப்படி உறிஞ்சுவது என்றே தெரியவில்லை. புரை ஏறியது. முகம் எப்படிப் போனதோ, மரகதம் மிக்சரைப் பார்த்த மாதிரி அலறிக்கொண்டு ஓடினாள். செல்லம்மாளைக் கூப்பிட்டு நீ செய்து காட்டு என்றேன். நாத்தனார் எதிரே எப்படி எச்சில் பண்ணுவாள்? வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள். குழந்தைக்குத் தெரிந்தது முதுகு மட்டும்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை பஸ். அதுவரை சும்மா இருந்தால் போதும். பெட்டியில் பாவாடை தயார்.

மரகதம் அக்காவின் மடியருகில் போய் நின்றாள். காய்ந்த உதட்டை நாக்கால் தடவினாள். அக்கா அதையே பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "கொண்டா அதை" என்றாள். டம்ளரை வாங்கினாள். நாங்கள் இருவரும் எச்சில் பண்ணின டம்ளர். கழுவச் சொல்லவில்லை. குழந்தை முகத்துக்கு நேராகத் தன் முகத்தைத் தாழ்த்தி, விளிம்பில் வாயை வைத்து, சர்ரென்று சத்தத்தோடு ஒரு வாய் உறிஞ்சினாள். உதட்டுக்கு மேல் பால் மீசை. "ஆ…" என்றாள். மரகதம் அந்த மீசையைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா இன்னொரு வாய். இன்னொரு சர். மூன்றாவது வாய்க்கு டம்ளரைக் குழந்தை பிடுங்கிக்கொண்டாள். தலையைச் சாய்க்கவில்லை. விளிம்பில் வாய் வைத்தாள். அவளும் சர். அரை டம்ளர் போயிற்று. மீதி அரையும் போயிற்று. காலி டம்ளரை அக்காவிடம் நீட்டினாள்.

பின்கட்டு வாசலில் செல்லம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்கா பாலைத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, அவ டம்ளர்ல குடிச்சிட்டா" என்றேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குக் கண்ணு இல்லியா? நான் எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியாதா? புள்ளைக்குத் தாகம்டா, போடா அந்தப் பக்கம்."

பஸ் நிற்கிற இடத்தில்

மறுநாள் பஸ்ஸில் கரி போட்டுக் காற்று அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை மரகதத்தை அக்கா மடியில் செல்லம்மாளே உட்காரவைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது அக்கா குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். தகரப் பெட்டியையும் கொடுத்தாள். செல்லம்மாள் பெட்டியை வாங்கிக்கொள்ளத் தயங்கினாள். அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து அதட்டினாள்:

"புடிடீ. நாலு வயசு அவளுக்கு இங்கயும் வரும்ல?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ குழந்தைகளை டம்ளருக்கு மாற்றிவிட்டவன் என்று பெரம்பலூரில் எனக்கு ஒரு பேர் உண்டு, ஆனால் எனக்கு இன்றைக்கும் வாய் வைத்துக் குடித்தால் புரை ஏறுகிறது.